போர்வைக்கு வெளியே ஒரு கை

வக்கீல் நோட்டீஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்த மறுநாளே அவனுக்கு டயாலிசிஸ் முறை வந்தது.

காலையில் சட்டைப் பொத்தான் கைக்கு அடங்கவில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து போட்டுவிட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நோட்டீஸ் போனதுக்கப்புறம் உங்க மேல ஒரு தூசு விழாமப் பாத்துக்குவாங்கன்னு அவ சொல்றா."

அவள் என்றது வக்கீலை. மனைவியின் சித்தி மகள். சின்ன வயதில் இவர்கள் வீட்டில் வந்து லீவுக்குத் தங்கி, இவனை 'மாமா, மாமா' என்று சுற்றி வந்தவள். இப்போது கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நஷ்டஈடு வழக்கு என்றால் அந்த வட்டாரத்தில் அவளைத்தான் கைகாட்டுகிறார்கள்.

"அவ சொல்லுவா. ஊசி அவ கையிலயா ஏறப் போகுது?"

காலர் பொத்தானைப் போடப் போன மனைவி, அவன் கழுத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முகமெல்லாம் உப்பியிருக்கு. ராத்திரி தண்ணி குடிச்சீங்களா?"

குடித்திருந்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட ஆள் தண்ணீரை மருந்துபோல அளந்துதான் குடிக்க வேண்டும். இரண்டு வருடமாக அந்தக் கட்டுப்பாட்டில் அவன் தவறியதே இல்லை. ஆனால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது தெரிந்த நிமிடத்திலிருந்து பயத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு என்று விடிவதற்குள் செம்பு காலியாகிவிட்டது. இப்போது மாடிப்படி இறங்குவதற்கே மூச்சு வாங்கியது. இன்றைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று இரவெல்லாம் போட்ட திட்டத்தை அந்தச் செம்பே கெடுத்துவிட்டது.

வேறு ஆஸ்பத்திரியும் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு டயாலிசிஸ் யூனிட் உண்டு. கேட்டதற்கு, "ஒருத்தர் போனாத்தான் சார் இடம்" என்றார்கள். எங்கே போனால் என்று அவன் கேட்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கண் போகிற வரைக்கும் அந்த வேலைதான் பார்த்தான். போனது இப்படி:

டயாலிசிஸ் ஹாலில் ஏ.சி. குளிர் எலும்பு வரை போகும். உடம்பின் ரத்தம் முழுக்க வெளியே வந்து மெஷினுக்குள் சுற்றித் திரும்புவதால் நோயாளிகளுக்கு இயல்பாகவே நடுக்கம் வேறு. ஊசி ஏறிய கை மட்டும் போர்வைக்கு வெளியே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி. சுவரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்த மூத்த நர்ஸ் யாராவது பல் கிட்டிக் கிடப்பதைப் பார்த்தால் அந்தக் கையையும் சேர்த்து மூடிவிடுவாள். எல்லாருக்கும் அல்ல, அவளுக்குப் பிரியமானவர்களுக்கு மட்டும். அவன் அவளுக்குப் பிரியமானவன்.

அன்று போர்வைக்குள் ஊசி நழுவிவிட்டது. மெஷின் அலறியது. காலையிலிருந்து எல்லா மெஷினும் காரணமில்லாமல் அலறிக்கொண்டிருந்த நாள் அது. அவள் போகிற போக்கில் பட்டனை அமுக்கி அலாரத்தை அடக்கிவிட்டுப் போனாள். போர்வை நனைந்து தரையில் சொட்டிய பிறகுதான் யாரோ கத்தினார்கள். உயிரை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். ரத்தம் ஓடாமல் காய்ந்துபோன இடது கண் நரம்பைத்தான் பிடிக்க முடியவில்லை. ஒரு கண்ணோடு லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நிற்க யாரும் விடமாட்டார்கள், ஆழம் தெரியாது. கம்பெனி முதலில் ஒரு நாற்காலி கொடுத்தது. பிறகு நாற்காலியையும் எடுத்துக்கொண்டது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

அதனால்தான் வழக்கு. ஆஸ்பத்திரி மேலும், அந்த நர்ஸ் மேலும்.

ஹாலுக்குள் துணைக்கு ஆள் விடமாட்டார்கள். மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் எடை மெஷினில் ஏறி நின்றான். எடை கூடி வருகிற யாரையும் "என்னண்ணா, குளத்தையே குடிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்கிற பையன், இன்று எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனான்.

அவனுடைய பழைய படுக்கை ஜன்னலோரம். இன்று வேறு இடம் கொடுத்திருந்தார்கள், நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரே, கூரையில் கேமரா இருக்கும் இடத்துக்குக் கீழே. மெஷின் இடது பக்கம் நின்றது. ஊசி ஏறும் கையும் இடது கைதான். போன கண்ணும் அந்தப் பக்கம். படுத்த நிலையில், தலையை முழுக்கத் திருப்பினால் ஒழிய தன் கைக்கு என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

"வாப்பா லிஃப்ட்டு" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். சலூன் வைத்திருந்தவர், கிட்னி போனபிறகும் வாய் போகவில்லை. "உன் நோட்டீஸ் புண்ணியத்துல எல்லாரும் கையை வெளியில போட்டுக்கிட்டு வெறச்சுக் கிடக்கோம். ஒரு விரலு உள்ள போனாலும் ஓடி வந்து இழுத்து வெளிய வைக்கிறாங்க."

அவன் சுற்றிப் பார்த்தான். ஹால் நெடுகப் போர்வைகள்; ஒவ்வொரு போர்வைக்கும் வெளியே வெறும் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோடியில் படுத்திருந்த ஒரு பெண்மணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கோவமா இருக்காங்களாண்ணே?"

"கோவம் என்ன கோவம். பயம். கேஸு கீஸுன்னு இழுத்து இந்த யூனிட்டையே மூடிட்டா நாங்க எங்க போய்க் குத்திக்கிறது? நீ மேல போற பட்டனை அமுக்கினா நாங்களும் சேர்ந்துல்ல போகணும்."

அவர் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாய்ந்து படுத்தவுடன் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

மூத்த நர்ஸ் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தாள். 'ஒரே குத்து சிஸ்டர்' என்பது நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர். எவ்வளவு மோசமான கையாக இருந்தாலும் முதல் குத்திலேயே ரத்தக்குழாயைப் பிடித்துவிடுவாள். அவன் வந்தது அவளுக்குத் தெரியும். நிமிரவே இல்லை.

அவனிடம் வந்தது ஒரு புதுப் பெண். அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர். அவருக்கும் பின்னால் யூனிட் டாக்டர். டாக்டர் ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னார்: "பேஷண்ட் நினைவா இருக்கார். கை சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. சரிதானே சார்?" இதுவரை அவர் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை.

அவனுடைய இடது முழங்கை மடிப்பில், ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். தோலுக்கு அடியில் கயிறுபோலப் புடைத்து, விரல் வைத்தால் ஓடும் மோட்டார்போல அதிரும். வலது கையில் செய்தது முன்பே அடைத்துப்போய்விட்டது. ஆக, அவன் உயிருக்கு இருக்கும் வாசல் இந்த ஒரு கயிறுதான். காலையில் கண் விழித்ததும் அது அதிர்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற எல்லாம்.

புதுப் பெண் தொட்டாள். அவள் விரல் ஐஸாக இருந்தது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

முதல் குத்து. ரத்தம் வரவில்லை. அவள் ஊசியை உள்ளேயே மெல்லத் திருப்பினாள். சுரீரென்று வலி தோள் வரை ஏறியது. அவன் கழுத்தை வளைத்து வலது கண்ணைக் கொண்டுவந்து பார்த்தபோது, ஊசி ஏறிய இடத்தைச் சுற்றித் தோல் கோலிக்குண்டு அளவுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. குழாயின் மறுசுவரைக் கிழித்திருக்கிறாள். உள்ளே ரத்தம் கசிகிறது.

"எடுத்துடுங்க. எடுத்துடுங்கம்மா" என்றான்.

எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, இன்னும் மேலே இரண்டாவது தடவை. அதுவும் வீங்கியது. அந்தப் பெண்ணின் மூக்கு நுனியில் வியர்வை. அவள் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் கேமராவைப் பார்த்தார்.

பழி வாங்குவார்கள் என்றுதான் அவன் இரவெல்லாம் பயந்தான். ஏதாவது மருந்தை மாற்றிப் போடுவார்கள், அலாரத்தைக் காதில் வாங்கமாட்டார்கள் என்றெல்லாம். இப்போது பார்த்தால், இங்கே யாருக்கும் அவன்மேல் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அது அவன் பயத்தைக் குறைக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு வருகிற கை நிதானமாகவாவது இருக்கும். அவனுக்கு அது தெரியும். ஒரு குடியிருப்பில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் கம்பெனி மேல் புகார் கொடுத்த சமயம், மறு பரிசோதனைக்கு இவனைத்தான் அனுப்பினார்கள். பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கத்தில்கூட மாட்டக்கூடிய கதவுப் பூட்டை அன்று தலைகீழாக மாட்டிவிட்டான். வேலையை நினைக்க முடியவில்லை. முதுகைத்தான் நினைக்க முடிந்தது.

இவர்கள் எல்லாரும் இப்போது தங்கள் முதுகை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், மூணாவது தடவை இந்தக் கையில ரிஸ்க் எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "கழுத்துல குழாய் போட்டு இன்னைக்கு முடிச்சிரலாம்."

கழுத்துக் குழாய். வியாதியின் தொடக்கத்தில் அது அவனுக்குப் போட்டிருந்தார்கள். குழாய் வழியாகக் கிருமி இறங்கி, காய்ச்சலில் பேச்சே குழறிக் கிடந்தான். அதே மாதம் அதே காய்ச்சலில் எதிர்ப் படுக்கை காலியானது.

"வேண்டாம் டாக்டர். சிஸ்டரை வரச் சொல்லுங்க."

"எந்த சிஸ்டரை?"

அவன் கோடியைப் பார்த்துத் தலையசைத்தான்.

டாக்டரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க உங்க பக்கமே வரக்கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லியிருக்கார். நீங்களே அவங்க மேல கேஸ் போட்டிருக்கீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

"ஏதாவது ஒண்ணு இப்பவே நடந்துட்டிருக்கு டாக்டர்."

இருமல் வந்தது. அடங்கவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் அவனுக்கே கேட்டது. விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். டாக்டர் ஆஸ்பத்திரி வக்கீலுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சலூன்காரர் எடை பார்த்த பையனை வெளியே அனுப்பி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மனைவி தடுத்தவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். காதில் போன்.

"ஏங்க, அவகிட்ட சொன்னேன். வேண்டவே வேண்டாங்கிறா. இந்தாங்க, நீங்களே கேளுங்க" என்று போனை அவன் காதில் வைத்தாள்.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றது வக்கீலின் குரல். பின்னால் எங்கோ வண்டிகளின் ஹாரன். "அவங்க கவனக்குறைவாலதான் கண்ணு போச்சுன்னு நம்ம சொல்றோம். நீங்களே அவங்களைக் கேட்டு வாங்கி கையை நீட்டினா, அந்தப் பக்கத்து வக்கீல் என்ன கேப்பார்? இவ்வளவு நம்பிக்கை இருக்கிற நர்ஸ் மேலயா கேஸுன்னு கேப்பார். நான் என்ன பதில் சொல்றது? கழுத்துல போடட்டும் மாமா. ஒரு நாளைக்குத்தானே."

"கழுத்துல போட்டு நான் போயிட்டா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா" என்றாள். அப்போது மட்டும் குரல் லீவுக்கு வந்து தங்கிய சிறுமியுடையதாக இருந்தது.

அவன் மாஸ்க்கை இழுத்துக் கீழே தள்ளினான்.

"சிஸ்டர்!"

குரல் எவ்வளவு தூரம் போனதோ தெரியவில்லை. இருமலோடுதான் போனது. ஹாலில் அத்தனை தலையும் திரும்பியது. அவளும் திரும்பினாள். கையில் பிடித்திருந்த டேப்பை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். டாக்டர் ஒரு கையைக் குறுக்கே நீட்டினார். மறு கையில் போன் இன்னும் மணியடித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கைக்கு அந்தப்புறம் நின்றாள்.

ஆள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"என்னால முடியாது சார்" என்றாள். "என் வேலை போயிடும். வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அவள் முகம் அடி வாங்கியதுபோல ஆனது.

"கேஸ் ஆஸ்பத்திரி மேல மட்டுமா? என் மேலயுமா?"

நோட்டீஸில் இருந்தது அவளுக்குத் தெரியும். அவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. பொய் சொல்லிவிடலாம்போல இருந்தது. வாபஸ் வாங்கிடறேன் சிஸ்டர், கையைப் பிடிங்க என்று சொன்னால் இந்த நிமிடமே மூச்சு வரும். நாக்கு நுனி வரை வந்ததை அவன் இருமலோடு சேர்த்து விழுங்கினான். மகளின் படிப்பு அந்த வார்த்தைக்கு அந்தப்புறம் இருந்தது.

"உங்க மேலயும்தான். அது இருக்கும். நான் எடுக்க மாட்டேன்."

மெஷின்கள் மட்டும் உறுமின.

"இவ்வளவையும் சொல்லிட்டு என்கிட்டயே கை நீட்டறீங்க."

"வேற யார்கிட்ட நீட்டறது?"

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். இரண்டு வீக்கமும் இப்போது ஒன்றாகச் சேர்ந்து நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இதுக்கு மேல எங்க இடமிருக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். பிறகு யாரையும் கேட்காமல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். டாக்டர், "சிஸ்டர், இது உங்க சொந்தப் பொறுப்பு" என்றார். அவள் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்தாள்.

கையுறை மாட்டினாள். அவன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் பாருங்க."

"மாட்டேன்."

"நீங்க பாத்தா எனக்குக் கை வராது."

"பாக்காம இருந்தா எனக்கு உசிரே வராது சிஸ்டர்."

அவள் கண்ணை மூடினாள். விரல் நுனியால் முழங்கை மடிப்பிலிருந்து தோள் நோக்கித் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள். விட்டுவிட்டு இன்னும் மேலே போனாள். திரும்பி வந்தாள். அவன் மனைவி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது. ஊசியை எடுத்தபோது சிஸ்டர் கை நடுங்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். முனை தோலைத் தொட்டதும் நடுக்கம் நின்றது.

குழாயில் சிவப்பு ஏறியது. இரண்டாவது ஊசி. அதிலும் ஏறியது.

மெஷின் சுழலத் தொடங்கிய பின்பும் அவளால் உடனே நிமிர முடியவில்லை. படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டேப்பை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

மனைவியை வெளியே போகச் சொன்னார்கள். போவதற்கு முன் குனிந்தாள். "அவ போன்ல குதிக்கிறா. நீங்க கத்துனதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கு."

"கேஸ் போச்சாமா?"

"போகலயாம். ஆனா இதையே பிடிச்சுக்கிட்டு அடிப்பாங்களாம். பாதி பலம் போச்சுங்கிறா."

"பாதி இருக்கில்ல. நடத்தச் சொல்லு."

"பாதிக் கண்ணு, பாதிக் கேஸு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முழுசா இருக்கிறது உங்க வீம்பு ஒண்ணுதான்."

நாலு மணி நேரம் அவன் தூங்கவில்லை. தலையை இடப்பக்கம் முறுக்கி, ஊசி ஏறிய இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கிடந்தான். கழுத்து மரத்தது. ஒவ்வொரு அலாரத்துக்கும் வலது கையால் டேப்பைத் தொட்டுப் பார்த்தான். தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் விரலை எடுக்க நேரம் பிடித்தது. மூச்சு சீராகச் சீராக, பயத்துக்கு இடம் கூடியது. நடுவில் ஒருமுறை சலூன்காரர், "கண்ணைக் கொஞ்சம் மூடுப்பா, உன் பங்குக்கு நான் பாக்கிறேன்" என்றார். முயன்று பார்த்தான். முடியவில்லை.

ஊசிகளை எடுக்க வந்தது புதுப் பெண். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "சிஸ்டரை பிரசவ வார்டுக்கு மாத்திட்டாங்க. அப்பவே போகச் சொல்லிட்டாங்க. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டாங்க."

அவன் ஹாலின் கோடியைப் பார்த்தான். மேஜைமேல் டேப் சுருள் மட்டும் இருந்தது.

ஒரே நாளைத்தான் வாங்கியிருக்கிறான். அதற்கும் கைவசம் இருந்த ஒரே ஆளைச் செலவழித்துவிட்டான்.

"அடுத்த தடவை யார்?"

"நான்தான்னு போட்டிருக்காங்க."

அவள் அழுத்துவதை விடவில்லை. ரத்தம் நின்றுவிட்டது, ஆனாலும் விடவில்லை. அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் ஃபிஸ்டுலா அதிர்ந்துகொண்டிருந்தது. விரலும் சேர்ந்து நடுங்கியது. எது எது என்று அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. சூப்பர்வைசர் மேஜையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்; முதுகுதான் தெரிந்தது.

"கையுறையைக் கழட்டு" என்றான் மெதுவாக.

"சார்?"

"இப்ப ஊசி இல்ல, யாரும் பாக்கல. வெறும் விரலை வை." அவன் வலது கையால் அவள் விரலைப் பிடித்து, வீக்கத்தின் மேல் ஓரத்தில் வைத்தான். "இது வரைக்கும் நேராப் போகும். இந்த இடத்துல சட்டுனு உள்பக்கம் திரும்பும். அங்கதான் நீ தவறினே. தெரியுதா?"

அவள் தடவிப் பார்த்தாள். "இல்லயே சார்" என்றாள். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

வெளியே மனைவி கண்ணாடியில் தட்டி, போகலாமா என்று சைகை காட்டினாள். அவன் இரு என்று கையமர்த்தினான்.

"மறுபடியும் வச்சுப் பாரு" என்றான்.